உங்கள் தெருவிலும் ஒரு கம்ப்யூட்டர் மன்றம் தொடங்கலாம்

"வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறோம் சார். பையன் எந்நேரமும் கேம்ஸ்தான் விளையாடுகிறான். உருப்படியாக ஏதாவது கற்றுக்கொடுக்க வழி இருக்கிறதா?" ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவரும் என்னிடம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முன்பெல்லாம் ஏதாவது ஒரு கோர்ஸின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது, "ஞாயிற்றுக்கிழமை எங்கள் மன்றத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வாருங்கள்" என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் மன்றம் உண்டு. ஒரு கேரம் போர்டு, தினசரி செய்தித்தாள், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி. இதுதான் அதன் மொத்த நடவடிக்கை. அதன் மாடி அறையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைப் போட்டு ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் சிறுவர், சிறுமியருடன் உட்காரத் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சான் தன் வீட்டுத் திண்ணையில் இதேபோல் ஒரு குழுவை நடத்துகிறார். இந்த அனுபவத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நீங்கள் தொடங்குவதானால் எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கு காணலாம்.

வகுப்பு வேறு, மன்றம் வேறு

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் 14 பேர் வந்தார்கள். "கம்ப்யூட்டரின் பாகங்கள்: இன்புட், அவுட்புட், சி.பி.யு." என்று போர்டில் எழுதிப் பாடம் நடத்தினேன். இரண்டாவது வாரம் எம்.எஸ். வேர்ட். மூன்றாவது வாரம் கீபோர்டு ஷார்ட்கட். நான்காவது வாரம் 5 பேர்தான் மீதி. பள்ளியில் வாரம் ஐந்தாறு நாள் கேட்பதையே ஞாயிற்றுக்கிழமையும் கேட்க எந்தப் பிள்ளை வரும்?

பிறகுதான் மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கம்ப்யூட்டர் மியூசியம் ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையில் அங்கே பிள்ளைகள் கையால் செய்து பார்க்கும் பயிலரங்கு ஒன்று நடந்தது. அது முடிந்த பின்னும் சில பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து, "அது இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். மியூசியத்துக்குள் நைசாக நுழையவும் பார்த்தார்கள். பள்ளி முடிந்தபின் இவர்கள் போய் உட்கார்ந்து எதையாவது உருவாக்க ஊரில் ஓர் இடமே இல்லை என்பது அப்போதுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. மிட்செல் ரெஸ்னிக், நடாலி ரஸ்க் ஆகியோரின் முயற்சியில் 1993 ஆம் ஆண்டு அங்கே 'கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்' தொடங்கியது. பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

இந்தக் கிளப்ஹவுஸ்களில் பாடத்திட்டம் கிடையாது. பிள்ளை தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து அதைச் செய்தே கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும். பெரியவர்கள் கூட இருப்பார்கள். ஆனால் பிள்ளைகளை நம்பி விட்டுவிடுவார்கள். இன்று உலகம் முழுவதும் சிறுவர்கள் பயன்படுத்தும் ஸ்கிராட்ச் என்ற இலவச புரோகிராம், இத்தகைய கிளப்ஹவுஸ் பிள்ளைகளை மனதில் வைத்து எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாக்கப்பட்டு 2007ல் வெளியானது.

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. 1999ல் டில்லி கால்காஜி பகுதியில், என்.ஐ.ஐ.டி. அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார் சுகதா மித்ரா. அக்கம்பக்கக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள், யாரும் சொல்லித்தராமலேயே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவும் இன்டர்நெட்டில் உலவவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பின்னாளில் வேறு ஊர்களில் வைக்கப்பட்ட இத்தகைய கம்ப்யூட்டர்கள் பல, கவனிப்பார் இன்றிப் பழுதாகி நின்றுபோயின. கம்ப்யூட்டரை மட்டும் வைத்துவிட்டுப் போனால் போதாது என்று இதிலிருந்து புரிகிறது. 2009ல் மித்ராவே அடுத்த படிக்குப் போனார். பிரிட்டனில் உள்ள தன்னார்வலர்கள் ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளுடன் பேசினார்கள். அவர்கள் பாடம் நடத்தவில்லை. ஒரு பாட்டியைப் போல, "அடடே, இதை எப்படிச் செய்தாய்? அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டு உற்சாகப்படுத்தினார்கள். இதற்குப் பெயரே 'பாட்டி மேகம்' என்பதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு நெடிய முன்னோடிகள் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ் 1987ல் தொடங்கியது. அதை ஒட்டிப் பல ஊர்களில் 'துளிர் இல்லம்' என்ற சிறுவர் மன்றங்கள் நடந்தன. 1993 முதல் தேசிய அளவில் நடைபெறும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள், தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து ஆய்வறிக்கை தருகிறார்கள். 2016ல் மத்திய அரசு அறிவித்த அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று 'வானவில் மன்றம்' திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை உள்ள மாணவர்களிடம், பரிசோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் நேரில் சென்று செய்துகாட்டும் திட்டம் அது.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இவற்றில் ஏதேனும் இருந்தால் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். இரண்டு பழைய கம்ப்யூட்டரும் ஓர் அறையும் போதும்.

என்னென்ன தேவை?

கம்ப்யூட்டர்: நான்கு பேருக்கு ஒன்று போதும். தனித்தனியாக ஆளுக்கொன்று கொடுத்தால் பேச்சு நின்றுபோகும். மூன்று, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால்தான் விவாதம் நடக்கிறது.

ஆபரேட்டிங் சிஸ்டம்: விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11 ஏற்றமுடியாத பழைய கம்ப்யூட்டர்களைப் பல அலுவலகங்கள் ஒதுக்கிவைத்திருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள். அவற்றில் லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு இன்ஸ்டால் செய்தால் மன்றத்துக்குத் தாராளமாக உழைக்கும். வாங்கும்போது ஹார்ட் டிஸ்க்கில் பழைய அலுவலக பைல்கள் இருந்தால், பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் முழுவதுமாக அழித்துவிடுங்கள்.

இன்டர்நெட்: இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் ஹாட்ஸ்பாட் போதும். விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஸ்கிராட்ச் அப்ளிகேஷனை ஒருமுறை டவுன்லோட் செய்துவிட்டால் பிறகு இன்டர்நெட் இல்லாமலேயே இயங்கும். லினக்ஸில் பிரௌசர் வழியாகப் பயன்படுத்தலாம்.

மற்றவை: ஒரு ஸ்க்ரூ டிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், நோட்டு, ஒரு ஸ்கேல். இனி நாங்கள் செய்த நான்கு செயல்திட்டங்களைப் பார்ப்போம்.

1. பழைய கம்ப்யூட்டரைத் திறப்போம்

பாகங்களின் பெயரைப் போர்டில் எழுதியபோது தூங்கிய அதே பிள்ளைகள், கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவுடன் தலையோடு தலை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் பாதுகாப்பு. சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையே பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரமும் தீர்ந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் வெறும் இரும்புப் பகுதியைத் தொடச் சொல்லுங்கள். நம் உடலில் உள்ள நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடக்கூடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் பழைய பிக்சர் டியூப் மானிட்டரையும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. கரண்ட்டைத் துண்டித்த பின்னும் அவற்றுக்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

முதல் வேலை ரேமைக் கழற்றி மாட்டுவது. இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் ரேம் மேலே எழும்பும். அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்துவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை மீண்டும் அழுத்தவேண்டும். டிஸ்பிளே வராத எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்கு என் கடையில் நான் முதலில் செய்வது இதுதான்.

எங்கள் மன்றத்தில் இதைவிட நல்ல பாடம் ஒன்று தானாகவே வந்தது. ஒரு ஞாயிறு, எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கைதான் வந்தது. "இன்டர்நெட் கெட்டுப்போச்சு" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒருவன் திரையின் மூலையைக் காட்டினான். தேதி 2009 என்று இருந்தது. வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று குறிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரின் தேதி தவறாக இருந்தால், சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் முடிவு செய்துவிடும்.

தேதியைச் சரிசெய்தார்கள். சைட்டுகள் திறந்தன. கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளையும் பிடுங்கிவைத்துவிட்டு மறுவாரம் மாட்டினால் மீண்டும் 2009. அப்படியானால் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது எது? மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி! புதியது வாங்கி மாட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. கழற்றிய பழைய பேட்டரியின் இருபுறமும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யின் கால்களை வைத்தோம் (நீளமான கால் பிளஸ் பக்கம்). மங்கலாக எரிந்தது. கடிகாரத்துக்குப் போதாத மின்சாரம் எல்.இ.டி.க்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்தப் பேட்டரியைச் சிறு குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே வேலை முடிந்ததும் எண்ணி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

2. சாம்பல் நிற அணில் விளையாட்டு

எங்கள் இரு ஊருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அங்குள்ள சாம்பல் நிற அணிலுக்காக 1988ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இப்போது அது 2021ல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியுள்ளது. இந்த அணில் பெரும்பாலும் தரைக்கு இறங்காது. கிளை விட்டுக் கிளை தாவியே வாழும். மச்சான் குழுப் பிள்ளைகள் 1875ல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகத்துக்குப் போய் இதைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வந்தார்கள். "தரையைத் தொட்டால் அவுட்" என்ற விளையாட்டு விதி அங்கேயே பிறந்துவிட்டது.

ஸ்கிராட்ச்சில் டைப் செய்து புரோகிராம் எழுத வேண்டாம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். செய்முறை இதோ.

அ) முதலில் தோன்றும் பூனையை நீக்கிவிட்டு, பிள்ளைகளையே அணில் படம் வரையச் சொல்லுங்கள். பேப்பரில் வரைந்து போனில் போட்டோ எடுத்தும் அப்லோட் செய்யலாம்.

ஆ) பேக்டிராப்பில் கீழே தரையை வரையுங்கள். மரக்கிளையைத் தனி ஸ்பிரைட்டாக வரையுங்கள்.

இ) கிளைக்கு: பச்சைக் கொடியை அழுத்தியதும் தொடங்கும் கட்டை, அதன்கீழ் 'ஃபார் எவர்'. அதற்குள் 'சேஞ்ச் எக்ஸ் பை மைனஸ் 5'. எக்ஸ் மதிப்பு மைனஸ் 220ஐவிடக் குறைந்தால் மீண்டும் 220க்கு வரவேண்டும். கிளை வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஈ) அணிலுக்கு: தொடங்கியதும் திரையின் மேற்பகுதியில் நிற்கவேண்டும். பிறகு 'ஃபார் எவர்' கட்டைக்குள் 'சேஞ்ச் ஒய் பை மைனஸ் 5'. இதுதான் புவியீர்ப்பு. கிளையைத் தொட்டால் 'சேஞ்ச் ஒய் பை 5', அதாவது கீழே விழாது. ஸ்பேஸ் பாரை அழுத்தினால் 'சேஞ்ச் ஒய் பை 12' என்பது 10 முறை நடக்கும். இது தாவல்.

உ) தரையின் நிறத்தைத் தொட்டால் 'ஸ்டாப் ஆல்'. ஆட்டம் முடிந்தது.

சத்தத்துக்குப் பிள்ளைகளின் குரலையே மைக்கில் பதிவு செய்யலாம். அணில் பேசுவதாக, 'சே' கட்டையில் தமிழிலேயே டைப் செய்யலாம்.

இங்கேதான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் உட்கார்ந்து இதைச் செய்தாள். அவள் வரைந்த அணிலுக்கு மீசைகூட இருந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் கிளையில் கால் வைத்தவுடனேயே ஆட்டம் முடிந்துவிட்டது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கிளைக்கும் தரைக்கும் ஒரே பழுப்பு நிறம். கிளையைத் தொட்டாலும் தரையின் நிறத்தைத் தொட்டதாகவே ஸ்கிராட்ச் எடுத்துக்கொள்கிறது. "நகரும்மா" என்று மவுஸை வாங்கினேன். கிளையைப் பச்சையாக மாற்றினேன். அரை நிமிடம்தான். ஆட்டம் பிரமாதமாக ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கடைத்தெருவில் அவள் அம்மாவைப் பார்த்தபோது, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லண்ணே. அது இப்ப என் கேம் இல்லம்மா, மாமா கேமுனு சொல்றா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறேன். பழுதைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிறது. ஆனால் அன்று நான் சரிசெய்தது என் கடைக்கு வந்த கம்ப்யூட்டரை அல்ல. மூன்று வாரம் அவள் உழைத்ததில் மிக முக்கியமான கடைசி அரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நல்லவேளையாக, நான் மாற்றுவதற்கு முன் அவள் சேவ் செய்த பைல் இருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய், "உன் பழைய பைல் அப்படியே இருக்கு. நான் மாத்தினதை அழிச்சிட்டேன். தப்பு எங்கன்னு நீயே பாக்குறியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் அறையின் மறு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். தன்னுடன் இருந்த இரண்டு பேரிடமும் பேசி, ஒவ்வொரு கட்டையாகக் கழற்றிப் போட்டுப் பார்த்து, முக்கால் மணி நேரத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டாள்.

"அப்ப கிளையைப் பச்சையாக்குறியா?" என்றேன். "வேண்டாம் மாமா. நெசத்துல கிளையும் மண்ணும் ஒரே கலர்தானே?" என்றாள். நிறத்தைப் பார்க்கும் கட்டையையே எடுத்துவிட்டு, அணிலின் ஒய் மதிப்பு மைனஸ் 150ஐவிடக் குறைந்தால் ஆட்டம் முடியும் என்று வைத்தாள். என்னுடைய வழியைவிட இதுதான் சரியான வழி. படத்தின் நிறத்தை யார் எப்படி மாற்றினாலும் இனி புரோகிராம் கெடாது. அரை நிமிடத்தில் நான் கண்டுபிடித்த தீர்வு, அவளிடமிருந்து இந்த நல்ல தீர்வைத் தடுத்திருக்கும்.

அன்றிலிருந்து மன்றத்தில் ஒரு விதி. மவுஸ் பிள்ளையின் கையில். பெரியவர்களின் கை முதுகுக்குப் பின்னால்.

3. பாட்டில் மழைமானியும் ஸ்பிரெட் ஷீட்டும்

கம்ப்யூட்டருக்கு வெளியே தொடங்கிக் கம்ப்யூட்டரில் முடியும் வேலை இது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் மேலேயே புனல்போல் வையுங்கள். பாட்டிலின் அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும். எனவே கூழாங்கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே ஸ்கேல் ஒட்டுங்கள். புனலின் வாயும் பாட்டிலும் ஒரே அகலம் என்பதால், எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறதோ அதுவே மழை அளவு. வானிலை ஆய்வு மையத்தைப் போல தினமும் காலை 8:30க்கு அளந்து, மீண்டும் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவரவேண்டும்.

லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது எக்ஸெலில் மூன்று காலம்: தேதி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். ஒவ்வொரு காலத்தின் அடியிலும் மொத்தம் கூட்டும் பார்முலா. மூன்று காலத்தையும் செலக்ட் செய்து இன்சர்ட் மெனுவில் சார்ட் கிளிக் செய்தால் இரு ஊர் மழையும் பக்கத்துப் பக்கத்துத் தூண்களாக நிற்கும்.

ஐப்பசியில் ஒருநாள் எங்களுக்கு 22 மி.மீ., அவர்களுக்கு 3 மி.மீ. "நீங்க தண்ணி ஊத்தி வச்சிட்டீங்க" என்று போனில் ஒரே சண்டை. மறுவாரம் அவர்களுக்கு அதிகம், எங்களுக்குக் குறைவு. மழை மேகம் ஊர் எல்லை பார்த்துப் பெய்வதில்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் எப்போதும் அளவு குறைவாகவே வந்தது. போய்ப் பார்த்தால் பாட்டில் வேப்ப மரத்தடியில் இருந்தது. தவறான எண்ணைக் கம்ப்யூட்டர் அழகான சார்ட்டாகப் போட்டுக் காட்டும், ஆனால் எண் தவறு என்று சொல்லாது என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

இன்னொரு கணக்கையும் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 22 மி.மீ. பெய்தால் 2,200 லிட்டர். தமிழகத்தில் 2003ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் ஏன் கட்டாயமாக்கப்பட்டது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இதைப் பார்த்த ஒரு பையன், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தறி ஓட்டும் தன் அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்துவந்து, தினமும் எத்தனை மீட்டர், வாரக் கூலி எவ்வளவு என்று தானாகவே ஒரு ஷீட் போட்டான். நான் சொல்லவே இல்லை.

4. கம்ப்யூட்டரில் தாயக்கட்டை

'மைக்ரோபிட்' என்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சிறு கம்ப்யூட்டர் போர்டு. அதில் 25 சிறு விளக்குகளும் இரண்டு பட்டன்களும் உண்டு. 2016ல் பி.பி.சி. முன்னின்று, பிரிட்டனில் 11, 12 வயது மாணவர்களுக்கு இதை இலவசமாக வழங்கியது. நம்மிடம் போர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மைக்ரோசாப்ட்டின் 'மேக்கோட்' தளத்தில் திரையிலேயே ஒரு போர்டு இருக்கும். கட்டைகளைப் பொருத்தினால் அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

வழக்கமான முதல் பாடம் லூடோ பகடை: போர்டை ஆட்டினால் 1 முதல் 6 வரை ஏதேனும் ஓர் எண். எங்கள் பையன் ஒருவன் இதையே "தாயக்கட்டை" என்று தன் பாட்டியிடம் காட்டினான். பாட்டி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "பன்னெண்டு விழவே மாட்டேங்குதே? இது தாயமே இல்லடா" என்று தள்ளிவிட்டாராம்.

பாட்டி சொன்னது சரி. தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கம். எனவே 0 முதல் 3 வரை இரண்டு ரேண்டம் எண்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை 0 என்றால் 12 என்று காட்டவேண்டும். இப்படி மாற்றியதும் பாட்டி ஏற்றுக்கொண்டார்.

இதில் கணக்கும் இருக்கிறது. இரண்டு கட்டைகளும் விழக்கூடிய வழிகள் மொத்தம் 16. தாயம் விழ 2 வழி, மூன்று விழ 4 வழி, பன்னிரண்டு விழ ஒரே வழி. பன்னிரண்டு விழுந்தால் வீடே கூச்சல் போடுவதற்குக் காரணம் இதுதான்!

நடத்துபவர்களுக்குச் சில குறிப்புகள்

* பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் முதலில் மூன்று நண்பர்களிடம் கேட்கட்டும். பிறகு உங்களிடம் வரட்டும்.

* உங்களிடம் வந்தால் விடையைச் சொல்லாதீர்கள். "என்ன நடக்கும்னு நினைச்ச? என்ன நடந்தது?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோரும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

* ஒவ்வொரு வாரமும் பைலை வேறு பெயரில் சேவ் செய்யப் பழக்குங்கள். அணில் விளையாட்டை அன்று காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்.

* மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் செய்ததை அவர்களே விளக்கட்டும். ஓடாத புரோகிராமையும் காட்டலாம். ஏன் ஓடவில்லை என்று சொன்னால் போதும்.

* பையன்கள் கீபோர்டை ஆக்கிரமித்துக்கொள்வார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

* எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்கவேண்டும். கதவு திறந்திருக்கட்டும். இணையத்தில் அக்கவுண்ட் தொடங்கும்போது பிள்ளையின் உண்மைப் பெயர், பள்ளி, போட்டோ வேண்டாம். பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

இப்போது எங்கள் மன்றத்தில் வாரம் ஒன்பது, பத்துப் பேர் வருகிறார்கள். முதல் நாள் வந்த 14 இன்னும் திரும்பவில்லை. ஆனால் வருபவர்கள் நான் போவதற்கு முன்பே வந்து கதவருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மாணவி இப்போது புதிதாக வரும் சிறுவர்களுக்கு ஸ்கிராட்ச் சொல்லித்தருகிறாள். போன வாரம் ஒரு சின்னப் பையன் திணறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற அவள் கை மவுஸை நோக்கிப் போனது. சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ன நடக்கும்னு நினைச்ச?" என்று கேட்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். ஸ்கிராட்ச்சில் தொடங்கலாம், பாட்டில் மழைமானியிலும் தொடங்கலாம். தொடங்கிய பின் உங்கள் கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். முயன்று பாருங்கள்.